அகழி சூழ்ந்த மனை: ஆங்கில இலக்கியச் சான்றும் அகழாய்வுச் சான்றும்

1. ஆய்வுப் பொருள்

இலக்கியத்துள் வரும் ஒரு பொருளின் குறிப்பை உணர விரும்புவார், அப்பொருள் உலகியலில் எவ்வாறு நிலவிற்று என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். அறியாது உரை காணின், தம் நாட்டு வழக்கைப் பிறநாட்டுப் பாட்டின்மேல் ஏற்றி உரைக்கும் குற்றம் நேரும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு 'அகழி' என்னும் சொல்லாகும்.

அகழி என்ற அளவில் தமிழ் பயின்றார் நெஞ்சில் எழுவது போர்க்காட்சியே. உழிஞையார் மதிலை வளைக்க, நொச்சியார் உள்நின்று காக்க, இடையே ஆழ்ந்த நீரும் முதலையும் உடைய கிடங்கு கிடக்கும். அக்கிடங்கின்கண் நிகழும் போரைப் பாசிநிலை எனத் தனித்துறையாகவே வகுத்தனர் நம் இலக்கண நூலார். வள்ளுவரும் அரணின் உறுப்புகளை எண்ணுமிடத்து நீரை முதற்கண் வைத்தார். ஆகவே நம் மரபில் அகழி வேந்தனுக்கும் அவன் நகருக்கும் உரியது; புறத்திணையின்பாற் பட்டது.

இங்கிலாந்தின் இடைக்கால அகழிகளோ பெரும்பாலும் இத்தகையன அல்ல. அந்நாட்டில் இதுவரை அறியப்பட்ட அகழி சூழ்ந்த மனையிடங்கள் ஏறத்தாழ 6,000 ஆகும். அவற்றுள் அரசர் கோட்டைகளோடு வைத்து எண்ணத்தக்கன மிகச் சிலவே. ஏனையவை ஊர்த்தலைமை பெற்ற நிலக்கிழார், சிறு நிலக்கிழார், தன்னுரிமை பெற்ற உழவர், துறவோர் மடத்துப் பண்ணையார், கோயிற் குருமார் ஆகியோர் வாழ்ந்த வீடுகள். ஓர் உழவன் தன் வீட்டைச் சுற்றி அகழி தோண்டியது எதற்கு என்னும் வினாவுக்கு ஆங்கிலப் பாட்டு தரும் விடையினையும் மண் தரும் விடையினையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் 'மோட்' என்னும் சொல் 'மொத்' என்னும் பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதன் பொருள் பள்ளம் அன்று. மேடு, கரை, மேட்டின்மேல் எழுந்த கோட்டை என்பனவாம். பள்ளம் தோண்டிய மண்ணைக் குவித்தே மேடு அமைத்தனராதலின், மேட்டின் பெயர் நாளடைவில் பள்ளத்தின் பெயராயிற்று. ஒரே வினையில் பள்ளமும் மேடும் உடன் தோன்றுதலால் பெயரும் ஒன்றிலிருந்து ஒன்றற்குத் தாவியது. 'டிச்' (பள்ளம்), 'டைக்' (கரை) என்னும் இரு சொற்களும் ஒரு வேரினவே என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

தமிழில் அகழி என்பது அகழ் என்னும் வினையடியாகப் பிறந்தது. தோண்டுதலே அதன் பொருள். மேட்டைப் பற்றிய நினைவு அதில் இல்லை. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நின்றுவிடுவதன்று. ஆங்கிலச் சொல்லின் வரலாறு, அகழியைவிட அதன் நடுவே எழுந்த மேட்டை நோக்குமாறு நம்மைத் தூண்டுகின்றது. தோண்டிய மண்ணைப் பரப்பி நடுநிலத்தைச் சற்றே உயர்த்தி, அதன்மேல் வீடு கட்டினர். பலவிடத்து இவ்வமைப்பின் முதற்பயன் வீட்டைச் சூழ உலர்ந்த நிலம் கிடைத்தமையே எனலாம்.

3. மண் தரும் செய்தி

இவ்வகழிகளிற் பெரும்பாலன 1250-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டில் தோண்டப்பட்டன. நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் அவை மிக்குக் காணப்படுகின்றன. எசெக்சு, சபோக்கு முதலிய கீழைமாவட்டங்களில் ஊருக்கு ஊர் உள்ளன. நீர் எளிதில் வடியாத களிமண் நிலமே அவற்றுக்கு ஏற்றது. வாரிக்சயரின் ஆர்டன் பகுதி போன்று, காடு வெட்டிப் புதிதாக உழவுக்குக் கொணர்ந்த நிலங்களிலும் அவை மிகுதி. இவற்றின் பரவலை எமெரி 1962-இல் ஆராய்ந்து எழுதினார். ஏபர்கு பதிப்பித்த கட்டுரைத் தொகுதி 1978-இல் வெளிவந்தது. அகழிமனை ஆய்வுக் குழுவினர் 1986-இல், கைவிடப்பட்ட இடைக்காலச் சிற்றூர்களை ஆராய்ந்த குழுவினரோடு இணைந்து ஒரே அமைப்பாயினர். மனையைத் தனித்து ஆராயாது ஊரோடும் நிலத்தோடும் சேர்த்து ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றதனை இவ்விணைப்பு காட்டும்.

இம்மனைகளின் வடிவம் பெரும்பாலும் சதுரம் அல்லது நீள்சதுரம். அகழிக்குட்பட்ட தீவில் கூடமும் படுக்கையறையும் அடுக்களையும் இருந்தன. சிலவற்றில் இரண்டு மூன்று தீவுகள் உண்டு. அவற்றுள் ஒன்று காய்கறித் தோட்டத்திற்கோ பழமரச் சோலைக்கோ உரியதாதலும் உண்டு. கார்ன்வாலில் உள்ள பென்ஆலம் என்னும் அகழிமனையைக் கை பெரசுபோர்டு 1968 முதல் 1973 வரை அகழ்ந்தார். பிற்காலத்தார் அதன்மேல் கட்டாது விட்டமையால் இடைக்கால மனையொன்றின் அடித்தளம் முழுதும் அங்குக் கிடைத்தது.

அரண் என்று கொள்வார்க்கு இடர் தரும் செய்திகள் மூன்று. சில அகழிகள் மூன்று பக்கமே உடையன. நான்காம் பக்கம் திறந்து கிடக்கும். பலவற்றின் உட்கரையில் மதிலோ வலிய வேலியோ இருந்தமைக்கு அடையாளம் இல்லை. இனி, இங்கிலாந்தை உலுக்கிய உரோசாப்பூப் போர்கள் நிகழ்ந்தது 1455-க்கும் 1485-க்கும் இடையே. அகழி தோண்டுதல் பெருகியதோ அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர். போரே காரணமாயின் போர் மிக்க காலத்து அகழியும் மிக்கிருத்தல் வேண்டுமன்றோ?

4. காவலா, மதிப்பா?

இச்செய்திகளால் ஆய்வாளர் பலர் அகழியை மதிப்பின் அடையாளமாகக் கொண்டனர். மதிலுக்கு ஞாயில் எடுக்க அரசன் ஆணை வேண்டும். அவ்வாணை பெறுதலே பெருமையாகக் கருதப்பட்டது. யார்க்சயரின் மார்க்கன்பீல்டு மனைக்கு 1310-இலும், சசெக்சின் போடியம் கோட்டைக்கு 1385-இலும் அத்தகைய ஆணை கிடைத்தது. அகழிக்கோ பொதுவாக ஆணை வேண்டுவதில்லை. களிமண் நிலமும் கூலியாட்களும் இருப்பின் போதும். ஆகவே அரசரையும் பெருமக்களையும் பார்த்துச் சிறு நிலக்கிழாரும், அவரைப் பார்த்துத் தன்னுரிமை உழவரும் அகழி தோண்டினர் என்பது இவர்தம் கொள்கை.

இதனை மறுத்துக் காலின் பிளாட்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காவலா மதிப்பா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட அக்கட்டுரையில் அவர் காவலின் பக்கம் நின்றார். அவர் கூற்றை எளிதில் தள்ளுதல் இயலாது. அகழி பெருகிய காலம் நாட்டில் கொள்ளையும் கலகமும் பெருகிய காலமே. தடியேந்தித் திரிந்த கயவர் கூட்டங்களை ஒறுக்க அரசன் தனி நடுவர்களை அனுப்பியது 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இலெசுட்டர்சயரின் போல்வில் உடன்பிறந்தார் 1326-இல் கருவூல நடுவர் ஒருவரைக் கொன்றனர்; 1332-இல் மற்றொரு நடுவரைச் சிறைபிடித்துப் பணம் பறித்தனர். அயர்லாந்தின் தென்கிழக்கில் ஆங்கிலர் குடியேறிய பகுதியின் அகழிமனைகளை டெரன்சு பாரி ஆராய்ந்து 1977-இல் நூல் வெளியிட்டார். குடியேறியவரும் மண்ணின் மைந்தரும் மோதிய அத்தகைய எல்லைப்புறத்தில் காவல் என்னும் காரணம் வலுப்பெறுவது இயல்பே.

எனினும் காவல் என்பதற்குப் பொருள் வரையறுத்தல் வேண்டும். இரவில் மாடு கவர வரும் கள்வனைத் தடுத்தல் வேறு. படையெடுத்து வரும் பகைவனைத் தடுத்தல் வேறு. முன்னதற்கு அகழி உதவும். பின்னதற்கு அது தனித்து உதவாது. இதற்குப் பாசுடன் குடும்பத்தார் கடிதங்கள் சான்றாகின்றன. நார்போக்கின் கிரெசாம் என்னுமிடத்து, அகழி சூழ்ந்த சதுரமனை ஒன்று இருந்தது. 1448-இல் மோலின்சு பிரபு அதனைக் கைப்பற்றினார். அதே ஊரில் வேறொரு வீட்டில் தங்கிய மார்கரெட்டு பாசுடன் தம் கணவருக்குக் கடிதம் எழுதினார். வீடுகள் தாழ்ந்தவையாதலின் நெடுவில் பயன்படாது என்றும், குறுக்குவில் அனுப்புக என்றும் அதில் வேண்டினார். மனையைப் பற்றியிருந்தோர் கதவுகளுக்குக் குறுக்குத் தாழ் இட்டதனையும், எய்தற்கும் சுடுதற்கும் சுவரில் துளைகள் அமைத்ததனையும் விரித்துரைத்தார். அக்கடிதத்திலேயே வாதுமைப் பருப்பும் சருக்கரையும் வாங்கி வருமாறு கேட்டார். தாழும் துளையும் வில்லும் பேசப்படும் அவ்விடத்து அகழி பேசப்படவில்லை. பேசாமை ஒன்றே முடிவான சான்று ஆகாது. ஆயினும் இடுக்கண் நேர்ந்த பொழுதில் மனையிலிருந்தார் எதனை நம்பினர் என்பதனை அது குறிப்பாற் புலப்படுத்துகின்றது.

5. இலாங்லாந்தின் இரண்டு அகழிகள்

14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த இலாங்லாந்து 'உழவன் பியர்சு' என்னும் நெடும்பாட்டை இயற்றினார். அதில் இரண்டு அகழிகள் உள்ளன. இவ்விரண்டினையும் ஒப்பிட்டு நோக்கினால் நம் வினாவுக்குக் கவிஞரே விடை தந்திருத்தல் புலனாகும்.

முதலாவது, ஐந்தாம் பகுதியில் வருவது. வாய்மையைத் தேடிச் செல்லும் மக்களுக்கு உழவன் பியர்சு வழி கூறுகின்றான். வழியின் முடிவில் வாய்மையின் மனை உள்ளது. அதனைச் சூழ்ந்த அகழி அருள், சுவர்கள் அறிவு, ஞாயில் கிறித்தவ நெறி, பாலம் நல்வேண்டுதல், வாயில் காப்போன் இறையருட்கொடை. இங்கே அகழிக்கு அச்சமோ சினமோ உருவகமாகாமல் அருள் உருவகமாயது வியப்புத் தருவது. தீய விருப்பத்தைப் புறந்தள்ளும் தொழிலைக் கவிஞர் சுவருக்கே அளித்தார், அகழிக்கு அளித்தாரல்லர். அகழி வருவோனைப் பாலத்திற்கும் வாயிலுக்கும் முறைப்படி கொணர்கின்றது. வேண்டுதல் என்னும் பாலத்தின் வழியன்றி அருளைக் கடத்தல் இயலாது என்பதே உருவகத்தின் உட்பொருள். உழவன் ஒருவன் வாயால் பெருமனையின் உறுப்புகள் அனைத்தும் ஒழுங்குற எண்ணப்படுதலும் கருதத்தக்கது. அவை ஊரார் அனைவரும் கண்டு அறிந்த மதிப்பின் அடையாளங்கள்.

இரண்டாவது, நூலின் இறுதியில் வருவது. செருக்கு படையெடுத்து வருங்கால், ஒருமை என்னும் களஞ்சியத்தைச் சுற்றி ஆழ்ந்த அகழி தோண்டுமாறு மனச்சான்று ஆணையிடுகின்றது. அது வலிமைக்காகத் தோண்டப்படுவது என்று கவிஞர் வெளிப்படவே கூறுகின்றார். தம் பிழைக்கு வருந்துவோர் கண்ணீரே அதன் நீர். இது நம் நொச்சித்திணையோடு ஒக்கும். ஆனால் முடிவு என்ன? பகைவன் அகழியைக் கடந்து வரவில்லை. இன்சொல் பேசும் துறவி ஒருவன் வாயில் வழியே உள்ளே விடப்படுகின்றான். அவனால் களஞ்சியம் கெடுகின்றது.

அமைதிக் காலத்து மனையின் அகழி வேறு, போர்க்காலத்து அகழி வேறு என்பதனை ஒரே கவிஞர் ஒரே நூலில் பிரித்துக் காட்டினார். அகழிமனைகள் வாழ்ந்திருந்த காலத்தவர் அவர். அவர் பிரித்ததனை நாம் ஒன்றாக்குதல் பொருந்தாது.

6. சாசரின் வறண்ட பள்ளம்

சாசர் இலாங்லாந்தின் காலத்தவர். கண்டர்பரிக் கதைகளுள் துறவுமகளின் குருவானவர் கூறும் கதை ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வீட்டில் நிகழ்கின்றது. அவ்வீட்டு முற்றத்தைச் சுற்றிக் குச்சி வேலியும் அதன் புறத்தே வறண்ட பள்ளமும் இருந்தன என்கிறார் சாசர். இதனை வெறும் இடவருணனை என்று உரையாசிரியர் கடந்துவிடுதல் எளிது. பிற செய்திகளோடு சேர்த்து நோக்கின் கவிஞர் உள்ளக்கருத்து வெளிப்படும். புகை படிந்த அச்சிறு குடிலுக்குப் பெருமனைக்குரிய கூடம், உள்ளறை என்னும் பெயர்களையே அவர் வழங்குகின்றார். அங்கு வாழும் சேவலின் கொண்டை கோட்டை மதிலின் ஞாயில் போன்றது என்று உவமிக்கின்றார். கூடம் உண்டு, உள்ளறை உண்டு, ஞாயிலும் சேவலின் தலைமேல் உண்டு. அகழியும் உண்டு, நீர்தான் இல்லை! நிலக்கிழார் மனையின் உறுப்பெல்லாம் ஏழையின் முற்றத்தில் நகைச்சுவைக்கு உரியனவாக அமைந்துவிட்டன.

அகழி மதிப்பின் அடையாளம் என்று கேட்போர் அறிந்திருந்தால் அன்றி இந்நகை பிறவாது. ஆகவே தொல்லியலார் மண்ணிலிருந்து உய்த்துணர்ந்த கருத்துக்குச் சாசரின் நகைச்சுவை ஒரு துணைச்சான்று ஆகின்றது. மற்றொன்றும் உண்டு. நரி வேலியை ஊடறுத்து உள்ளே புகுந்தபின், சேவலை வென்றது வலிமையால் அன்று. அதன் தந்தையின் குரலைப் புகழ்ந்துரைத்த முகமனால். இலாங்லாந்தின் துறவியும் சாசரின் நரியும் ஒரே வழியில் வென்றனர். அகழியைத் தாண்டும் பகை வாயுரையே என்று அக்காலத்துக் கவிஞர் இருவர் தனித்தனியே கண்டது, மனையின் எல்லையை அவர்கள் அறநோக்கில் எண்ணினர் என்பதற்குச் சான்றாம்.

7. பாசி படர்ந்த நீர்

பிற்காலத்து நிலை மாறியது. சேக்சுபியர் தம் 'அளவுக்கு அளவு' நாடகத்தில், கைவிடப்பட்ட மரியானாவை அகழி சூழ்ந்த பண்ணைவீடு ஒன்றில் தனித்திருக்கச் செய்தார். 1604-இல் அரசவையில் நடிக்கப்பட்ட அந்நாடகத்தின் களம் வியன்னாவாயினும் வீடு ஆங்கில வீடே. அவர் ஆண்ட 'கிரேஞ்சு' என்னும் சொல் முன்னர்த் துறவோர் மடங்களின் தொலைப்பண்ணையைச் சிறப்பாகக் குறித்தது. மடங்களை எட்டாம் என்றி 1536-க்கும் 1540-க்கும் இடையே கலைத்துவிட்டார். ஆகவே நாடகம் கண்டோர்க்கு அச்சொல் பழையதொரு வாழ்வின் எச்சமாகவும் ஒலித்திருக்கலாம்.

அச்சிறு குறிப்பைக் கருவாகக் கொண்டு 1830-இல் டென்னிசன் 'மரியானா' என்னும் பாட்டை வெளியிட்டார். கறுத்துத் தேங்கிய நீரும் அதன்மேற் படர்ந்த பாசியும் அப்பாட்டில் தலைவியின் ஆற்றாமைக்கு நிலைக்களனாயின. இலிங்கன்சயரில் பிறந்து வளர்ந்த டென்னிசன் காலத்தில், இடைக்கால அகழிகளிற் பல பயனிழந்து தூர்ந்து கிடந்தன. இலாங்லாந்துக்கு அருளாகவும் சாசருக்கு நகையாகவும் இருந்த பொருள் டென்னிசனுக்கு இரங்கற் பொருளாயிற்று. தமிழ் மரபில் போருக்குரிய பாசி ஈண்டு நெய்தலின் உரிப்பொருளுக்கு அடையாகின்றது. அவர் பாட்டின் அழகு குறைந்ததன்று. ஆயினும் அப்பாட்டைக் கொண்டு அகழிமனை என்றாலே தனிமைக்கும் சிதைவுக்கும் உரியது என்று முடிபு கட்டுதல் பிழை. ஒரு பொருள் பாட்டில் வரும்போது, அப்பொருளின் வாழ்நாளில் எப்பருவத்தைக் கவிஞர் கண்டார் என்று வினவுதல் திறனாய்வாளர் கடன்.

8. சேற்றின் செல்வம்

டென்னிசன் சிதைவின் அடையாளமாகக் கண்ட அக்கறுத்த நீரே தொல்லியலார்க்குப் பெருஞ்செல்வம். காற்றுப் புகாத ஈரச்சேற்றில் மரமும் தோலும் விதையும் பூந்துகளும் அழியாது கிடக்கும். உலர்நிலத்தில் இவை மக்கிப்போவன. பர்மிங்காமை அடுத்த வீயோலி அகழிமனையில் 1960-61-இல் நடந்த அகழாய்வில், 13-ஆம் நூற்றாண்டின் மரக்கட்டடம் ஒன்றன் பகுதிகள் ஈரமண்ணிலிருந்து வெளிப்பட்டன. மரவீடுகளின் கட்டுமுறையைச் சுவடிகளால் அன்றிக் கண்ணால் காண அது வாய்ப்பளித்தது. யார்க்சயரின் கவிக்கு என்னுமிடத்து அகழிச் சேற்றிலிருந்து 1976-இல் எடுக்கப்பட்ட விதைகளும் பூந்துகளும் மனையைச் சூழ்ந்த செடிகொடிகளை ஆராய உதவின. நிலக்கணக்கு எழுதியோர் வரியையும் வாடகையையும் குறித்தனர். அடுக்களைக் கழிவையும் முற்றத்துக் களையையும் எவரும் எழுதிவைக்கவில்லை. அவற்றைச் சேறு எழுதிவைத்தது.

இச்சான்றினைக் கையாளுதற்கும் முறை உண்டு. மனையிலிருந்தோர் காலந்தோறும் அகழியைத் தூர்வாரினர். ஆதலால் அடிச்சேறு அகழி தோண்டிய காலத்தது என்று கொள்ளலாகாது. இறுதியாகத் தூர்வாரிய பின் படிந்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும். தோண்டிய காலத்தை அறிய, வீசிய மண்ணின் அடியில் புதைந்த பழைய நிலத்தை ஆராய்தல் வேண்டும். ஏட்டுச்சுவடியில் பிற்காலத்தார் திருத்திய பாடத்தையும் மூலபாடத்தையும் பிரித்தறியும் பதிப்பாசிரியர் பணியோடு இஃது ஒக்கும்.

சுவடி அழிந்தால் பாடம் அழியும். சேறு உலர்ந்தால் சான்று அழியும். பர்மிங்காம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நிலக்கிழார் குடியின் அகழி 1816-இல் தூர்க்கப்பட்டது. அதன்மேல் சந்தை எழுந்தது. 1973 முதல் 1975 வரை புதுச்சந்தை கட்டியபோது, இடைக்கால மனையின் கற்சுவர்கள் சிறுபொழுது வெளிப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் உழுபொறிகளுக்கு இடம் வேண்டிச் சிற்றூர் அகழிகள் பல தூர்க்கப்பட்டன. சட்டத்தின் காப்புப் பெற்ற அகழிகளிலும், சூழ்நிலத்து நீரை வடித்துவிட்டால் சேறு உலர்ந்து உள்ளுறை மக்கும். வெளியே நின்று காண்பவர்க்கு அகழி அழியாதிருப்பது போலத் தோன்றும். ஏடு இருக்க எழுத்து மறைந்த நிலையே அது.

9. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. இங்கிலாந்தின் அகழிமனைகளிற் பெரும்பாலானவற்றை அரண் என்று மட்டும் கொள்ளுதல் மண்ணின் சான்றுக்கும் அக்காலப் பாட்டின் சான்றுக்கும் மாறானது. வெறும் ஆரவாரம் என்று தள்ளுதலும் பொருந்தாது. கள்வனையும் விலங்கையும் தடுத்தல், நீரை வடித்தல், மீன் வளர்த்தல், தீயணைக்க நீர் வைத்தல், குடியின் தகுதியை ஊரறியக் காட்டல் ஆகிய பல பயன்களும் ஓர் அகழியில் ஒருங்கே பொருந்தின. எது தலைமையானது என்பது இடத்தாலும் உடையவன் நிலையாலும் மாறும். அயர்லாந்து எல்லைப்புறத்திற்குப் பொருந்தும் விடை சபோக்கின் உழவனுக்குப் பொருந்தாது.

ஆகவே தமிழ் மாணவர் இவ்வகழியைக் கிடங்கோடும் இஞ்சியோடும் ஒப்பிடுதலினும் வேலியோடும் படப்பையோடும் ஒப்பிடுதலே ஏற்புடைத்து. அது நொச்சியார்க்கு உரியதன்று. மனையறம் நடத்துவார்க்கு உரியது. இலாங்லாந்து அதனை அருள் என்று பெயரிட்டழைத்தது இவ்வுண்மையை உணர்ந்தே போலும். அவர் பாட்டு அச்சிலேறி நிலைபெற்றது. அப்பாட்டின் பொருளை விளக்கும் மற்றொரு மூலம் இன்னும் ஈரம் உலராத அகழிகளின் அடியில் கிடக்கின்றது. ஏட்டைக் காத்ததுபோல் அதனையும் காத்தாலன்றி, வருங்காலத்து உரையாசிரியர்க்குச் சொல் எஞ்சும், பொருள் எஞ்சாது.